‘சீனி கட்டுப்பாட்டில் இல்லை’: வைத்தியசாலைப் பதிவேட்டில் இந்தச் சொல் எதைச் சொல்கிறது, எதை விட்டுவிடுகிறது

வாட்டிலிருந்து துண்டு வெட்டி வெளியேறும் நாளில் கையில் தரப்படும் டயக்னோசிஸ் காட்டில் (நோய்ப் பெயர் எழுதிய அட்டையில்) ‘அன்கன்ட்ரோல்ட் டி.எம்.’, அதாவது ‘கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு’, என்று எழுதியிருக்கும். காப்புறுதிப் படிவத்தை நிரப்ப உட்காரும் மகனோ மகளோ அதற்குரிய நோய்க் குறியீட்டை இணையத்தில் தேடினால் ‘ஈ11.65’ (E11.65) என்று விடை வரும். வைத்தியசாலை தந்த தாளிலோ ‘ஈ11.9’ அல்லது ‘ஈ14.9’ என்றிருக்கும். ஈ11.9 என்பதன் பொருளைத் தேடிப் பார்த்தால் ‘சிக்கல்களற்ற நீரிழிவு’ என்று வரும். ஐந்து நாள் வாட்டில் கிடந்தவருக்குச் சிக்கல் எதுவும் இல்லையா என்ற கேள்வி அந்த இடத்தில்தான் எழுகிறது.

பெரும்பாலான வேளைகளில் இதில் எவரும் பொய் எழுதவில்லை. வைத்தியர் எழுதும் சொல், குறியீட்டுப் புத்தகத்தில் உள்ள பெட்டி, இணையத்தில் கிடைக்கும் விளக்கம் ஆகிய மூன்றும் வெவ்வேறு அமைப்புகளைச் சேர்ந்தவை என்பதே குழப்பத்தின் வேர்.

பதிவேடு உருவாகும் விதம்

அரச வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும் ஒவ்வொருவருக்கும் ‘பெட் ஹெட் டிக்கட்’ எனப்படும் பதிவேடு திறக்கப்படுகிறது. நோயாளர் சொன்னவை, பரிசோதனை முடிவுகள், விரல் நுனியில் குத்தி எடுக்கும் சி.பி.எஸ். அளவுகள், கொடுத்த மருந்துகள் எல்லாம் அதில் சேர்கின்றன. வெளியேறும் நாளில், வழக்கமாக உள்ளகப் பயிற்சி வைத்தியர் ஒருவர், அந்த முழுக் கட்டையும் சில வரிகளாகச் சுருக்கி டயக்னோசிஸ் காட்டில் எழுதுகிறார். காட் நோயாளரோடு வீட்டுக்குப் போகிறது; பெட் ஹெட் டிக்கட் பதிவேட்டு அறைக்குப் போகிறது.

பதிவேட்டு அறையில் இருப்பவர் வைத்தியர் அல்லர். அவர் நோயாளரைப் பார்த்ததும் இல்லை. எழுதப்பட்ட நோய்ப் பெயரை உலக சுகாதார ஸ்தாபனத்தின் சர்வதேச நோய் வகைப்பாட்டின் பத்தாம் திருத்தத்தில் தேடி, அதற்குரிய எழுத்தையும் எண்ணையும் இடுவது அவருடைய வேலை. அந்தக் குறியீடுகள் உள்ளக நோயாளர் நோய் மற்றும் இறப்புப் பதிவாகச் சுகாதார அமைச்சின் மருத்துவப் புள்ளிவிபரப் பிரிவைச் சென்றடைகின்றன.

இந்தச் சங்கிலியில் ஒரு கட்டாய விதி உண்டு: குறியீட்டாளர் தாமாக நோயைக் கண்டறியக் கூடாது. சீனி அளவு 400 என்று தாளில் கண்டாலும், வைத்தியர் அதற்கு ஒரு பெயர் எழுதாதவரை அவர் அதை நோயாகக் குறியீடிட முடியாது. ஆகவே காட்டில் எழுதப்படும் இரண்டு சொற்கள்தாம் அதற்குப் பிந்தைய எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன.

இரண்டு நோயாளர், ஒரே சொல்

விளக்கத்துக்காகப் புனைந்த இரண்டு நோயாளரை எடுத்துக்கொள்வோம்.

முதலாமவர் வெள்ளவத்தையில் வசிக்கும் 64 வயதுப் பெண். பல ஆண்டுகளாக இரண்டாம் வகை நீரிழிவு. சீனியைக் குறைக்கும் கிளிக்லசைட் குளிசை எடுப்பவர். கந்தசஷ்டி விரதத்தின் நான்காம் நாள், உணவைக் குறைத்துக் குளிசையைக் குறைக்காமல் இருந்ததால், வியர்த்துத் தடுமாறிய நிலையில் கொண்டுவரப்படுகிறார். சீனி அளவு 46. நினைவு முற்றாக இழக்கவில்லை. கடந்த சில வாரங்களின் சராசரிச் சீனியைக் காட்டும் அவருடைய எச்பிஏ1சி 6.1 சதவீதம்.

இரண்டாமவர் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த 52 வயது ஆண். இவருக்கும் இரண்டாம் வகைதான். ஆஸ்துமா இழுப்புக்காக வெளியில் ஒரு வைத்தியரிடம் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தை வாங்கி மூன்று நாள் குடித்த பின், அடங்காத தாகமும் அடிக்கடி சிறுநீரும் என்று வருகிறார். சீனி அளவு 412. உடல் கொழுப்பை எரிக்கும்போது சேரும் கீட்டோன் என்ற அமிலப் பொருள் இல்லை. எச்பிஏ1சி 6.9 சதவீதம்.

இருவரின் காட்டிலும் ‘அன்கன்ட்ரோல்ட் டி.எம்.’ என்று எழுதப்படலாம். அப்படி எழுதப்படுவது அரிதும் அன்று. ஒருவருக்குச் சீனி ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்தது, மற்றவருக்கு ஆபத்தான அளவுக்கு ஏறியது. ஒருவருக்கு மருந்தைக் குறைக்க வேண்டும், மற்றவருக்குத் தற்காலிகமாகக் கூட்ட வேண்டும். சொல் மட்டும் ஒன்று.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எச்பிஏ1சி அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் இருவருமே ‘நல்ல கட்டுப்பாட்டில்’ உள்ளவர்கள். அதிலும் சிறந்த எண் யாருடையது என்றால், தாழ்சீனியில் விழுந்த அந்தப் பெண்ணுடையது.

கட்டுப்பாடு என்பது எண் அன்று, தீர்ப்பு

‘கட்டுப்பாடு’ என்ற சொல்லை மூன்று வெவ்வேறு அளவுகள் தாங்கி நிற்கின்றன. அவற்றைப் பிரித்தறியாமல் பதிவேட்டை வாசிக்க முடியாது.

1. அந்த நேரத்துச் சீனி. சி.பி.எஸ்., வெறுவயிற்று எப்.பி.எஸ்., எழுமாற்றாக எடுக்கும் ஆர்.பி.எஸ். ஆகியவை ஒரு கணத்தின் படம். கிளினிக் நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்து பத்தியம் காத்து, எப்.பி.எஸ்.ஸை அழகாகக் காட்டிவிட்டு, திரும்பும் வழியில் மாலுபாணும் பால்தேநீருமாக விரதம் முடிப்பவர்களைக் கிளினிக் தாதியர் நன்கு அறிவர்.

2. எச்பிஏ1சி. செங்குருதிக் கலங்களின் ஈமோகுளோபினில் ஒட்டிய சீனியின் சதவீதம் இது. முந்தைய எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களின் சராசரியைச் சொல்லும். 7 சதவீதம் என்பது ஏறக்குறைய 154 என்ற சராசரிச் சீனிக்கும், 9 சதவீதம் என்பது ஏறக்குறைய 212 என்ற சராசரிக்கும் ஒப்பானது. சராசரி என்பதாலேயே இது ஏற்ற இறக்கங்களை விழுங்கிவிடும். காலையில் 50, இரவில் 260 என்று ஊசலாடுபவருக்கும் எண் நன்றாகவே வரக்கூடும்.

3. வாட்டில் இருக்கும்போது எட்ட வேண்டிய அளவு. பெரும்பாலான உள்ளக நோயாளருக்கு 140 முதல் 180 வரை என்பது பரவலாக ஏற்கப்பட்ட இலக்கு. வீட்டில் 170 என்றால் முகம் சுளிக்கும் குடும்பத்தினர், வாட்டில் அதே 170-ஐ வைத்தியர் கண்டுகொள்ளாமல் நகர்வதைக் கண்டு கோபப்படுவது இந்த வேறுபாடு தெரியாததால்தான்.

இலக்கும் ஆளுக்கு ஆள் மாறும். கர்ப்பமல்லாத வளர்ந்தோர் பலருக்கு எச்பிஏ1சி 7 சதவீதத்துக்குக் கீழ் என்பது வழமையான இலக்கு. கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும் இளம்பெண்ணுக்கு அது 6.5 சதவீதத்துக்குக் கீழ். சிறுநீரக நோயும் இதய நோயும் உள்ள முதியவருக்கு 8 சதவீதத்துக்குக் கீழ் என்றாலே போதும். ஆகவே 7.6 என்ற ஒரே எண், ஒருவருக்குக் கட்டுப்பாடு, மற்றவருக்குக் கட்டுப்பாடின்மை. யாருக்கு எந்த இலக்கு வைக்கப்பட்டது என்று எழுதாமல் ‘கட்டுப்பாட்டில் இல்லை’ என்று மட்டும் எழுதுவது, தேர்ச்சிப் புள்ளி எது என்று சொல்லாமல் மாணவன் சித்தியடையவில்லை என்று அறிவிப்பதைப் போன்றது.

எச்பிஏ1சி பிழைக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. இரும்புச்சத்துக் குறைபாட்டு இரத்தசோகை அதை உயர்த்திக் காட்டலாம். செங்குருதிக் கலங்கள் விரைவில் அழியும் நோய்களும் அண்மையில் ஏற்றிய குருதியும் தாழ்த்திக் காட்டும். தலசீமியா மரபணுவைக் காவுவோர் கணிசமாக உள்ள இலங்கையில் இது புத்தகத்து எச்சரிக்கை மட்டும் அன்று. வாட்டில் இரண்டு பைந்து குருதி ஏற்றிய பிறகு எடுத்த எச்பிஏ1சியை, ஏற்றிய திகதியைக் குறிப்பிடாமல் காட்டில் எழுதினால், அடுத்த கிளினிக் வைத்தியர் அதை நம்பி மருந்தைக் குறைக்கக்கூடும்.

அலகுகளையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். கொழும்பில் சீனி பெரும்பாலும் டெசிலீட்டருக்கு மில்லிகிராமில் எழுதப்படுகிறது. பிரித்தானியாவிலும் கனடாவிலும் லீட்டருக்கு மில்லிமோலில். இடையில் உள்ள பெருக்கம் 18. இலண்டனில் இருக்கும் மகன் தொலைபேசியில் சொல்லும் 12-உம், இங்கே தாய் சொல்லும் 216-உம் ஒரே அளவு.

குறியீட்டுப் புத்தகத்தில் கட்டுப்பாட்டுக்கு இடம் எங்கே?

உலக சுகாதார ஸ்தாபனத்தின் பத்தாம் திருத்தத்தில் நீரிழிவுக்கு ஈ10 முதல் ஈ14 வரை ஐந்து தலைப்புகள் உள்ளன. ஈ10 முதலாம் வகை, ஈ11 இரண்டாம் வகை, ஈ12 போசாக்கின்மையோடு தொடர்புடையது, ஈ13 குறித்துரைக்கப்பட்ட வேறு வகைகள், ஈ14 வகை குறிப்பிடப்படாதது. புள்ளிக்குப் பின் வரும் எண் சிக்கலைச் சொல்கிறது: 0 ஆழ்மயக்கம், 1 கீட்டோ அமிலத்துவம், 2 சிறுநீரகம், 3 கண், 4 நரம்பு, 5 புறக் குருதிச் சுற்றோட்டம், 6 வேறு குறித்த சிக்கல், 7 பல சிக்கல்கள், 8 குறிப்பிடப்படாத சிக்கல், 9 சிக்கலின்மை.

இந்தப் பட்டியலில் கட்டுப்பாடு என்ற சொல்லே இல்லை. வகைப்பாடு கேட்கும் கேள்விகள் இரண்டு: எந்த வகை, உறுப்புக்கு என்ன சேதம். சீனி எவ்வளவு என்று அது கேட்பதில்லை. குருதிச் சீனி உயர்வுக்கு ஆர்73 என்றொரு குறியீடு தனியே இருக்கிறது. ஆனால் நீரிழிவு என்று ஏற்கெனவே கண்டறியப்பட்டவருக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அந்தத் தலைப்பின் கீழேயே விலக்கு எழுதப்பட்டுள்ளது.

விளைவைப் பாருங்கள். கொட்டாஞ்சேனை நோயாளரின் 412, கீட்டோ அமிலத்துவமும் ஆழ்மயக்கமும் இல்லாததால், சரியாகக் குறியீடிடப்பட்டாலும் ஈ11.9 என்ற ‘சிக்கல்களற்ற’ பெட்டிக்குள் போகிறது. காட்டில் ‘டி.எம்.’ என்று மட்டும் இருந்து வகை எழுதப்படாவிட்டால் அது ஈ14.9. வெள்ளவத்தை நோயாளருக்கும் அதே ஈ14.9 விழும். ‘மருந்தினால் வந்த தாழ்சீனி’ என்று வைத்தியர் எழுதியிருந்தால் மட்டுமே ஈ16.0 என்ற தனிக் குறியீடும், நீரிழிவு மருந்தின் பக்கவிளைவைக் காட்டும் வை42.3-உம் இடப்பட முடியும்.

அப்படியானால் இணையத்தில் வரும் ஈ11.65 எங்கிருந்து வருகிறது? அது சில நாடுகள் தம் தேவைக்கு விரித்துக்கொண்ட பதிப்புகளின் குறியீடு.

1. அமெரிக்கா 2015 செப்டெம்பர் முடியும்வரை ஒன்பதாம் திருத்தத்தின் தன் பதிப்பைப் பயன்படுத்தியது. அதில் 250 என்ற நீரிழிவுக் குறியீட்டின் ஐந்தாம் இலக்கமே ‘கட்டுப்பாடற்றது என்று குறிப்பிடப்பட்டுள்ளதா’ என்பதைச் சொன்னது: 250.00 என்றால் குறிப்பிடப்படவில்லை, 250.02 என்றால் கட்டுப்பாடற்றது. ‘அன்கன்ட்ரோல்ட்’ என்று எழுதும் பழக்கத்துக்கு அந்த நாட்டில் அந்த இலக்கம் நிரந்தர வீடாக இருந்தது.

2. 2015 ஒக்டோபர் 1 முதல் அமெரிக்கா பத்தாம் திருத்தத்தின் தன் பதிப்புக்கு மாறியபோது அந்த வீடு இடிக்கப்பட்டது. ஈ11.65 என்றால் ‘உயர்சீனியுடன்’, ஈ11.649 என்றால் ‘ஆழ்மயக்கமற்ற தாழ்சீனியுடன்’. ‘மோசமான கட்டுப்பாடு’, ‘போதாத கட்டுப்பாடு’ என்ற சொற்களை உயர்சீனியாகக் கொள்ளச் சொல்லும் அதன் சொல்லடைவு, ‘கட்டுப்பாடற்ற’ என்ற சொல் வந்தால் மட்டும் அது உயர்வா தாழ்வா என்று பிரித்துக் கேட்கிறது. பதிவேட்டில் விடை இல்லை என்றால் குறியீட்டாளர் வைத்தியரிடம் எழுதிக் கேட்க வேண்டும்.

3. அவுஸ்திரேலியப் பதிப்பிலும் ஈ11.65 உண்டு. அங்கே அதன் தலைப்பு ‘மோசமான கட்டுப்பாட்டுடன்’.

ஒரே ஐந்து எழுத்தெண், இரு நாடுகளில் இரு பொருள், உலக சுகாதார ஸ்தாபனத்தின் மூலப் பதிப்பில் இடமே இல்லை. எனவே இணையத்தில் கண்ட ஈ11.65-ஐ ஆதாரமாகக் கொண்டு கொழும்பு வைத்தியசாலை ஒன்றின் பதிவேட்டு அலுவலரோடு வாதிடுவதில் பயனில்லை. அவருடைய புத்தகத்தில் அது இல்லை.

2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பதினோராம் திருத்தம், ஒரு நோய்க் குறியீட்டோடு மற்றொன்றைக் கோத்து எழுத இடமளிக்கிறது. நீரிழிவில் வரும் தாழ்சீனிக்கு அதில் தனித் தலைப்பும் உண்டு. ஆனால் எந்தத் திருத்தம் வந்தாலும், எழுதப்படாத தகவலைக் கோக்க முடியாது.

அடிக்கடி நேரும் பிழைகள்

1. இன்சுலின் ஏற்றுபவரை முதலாம் வகை என்று எழுதுவது. பழைய பதிப்புகளில் ஈ10-இன் தலைப்பே ‘இன்சுலின் சார்ந்த நீரிழிவு’ என்றிருந்தது இதற்கு ஒரு காரணம். இருபது ஆண்டு குளிசை எடுத்து இன்சுலினுக்கு மாறியவருக்கும் இரண்டாம் வகைதான்.

2. தொடர்பை எழுதாமல் விடுவது. ‘டி.எம்.’ என்று ஒரு வரியும் ‘சி.கே.டி.’ (நாட்பட்ட சிறுநீரக நோய்) என்று இன்னொரு வரியும் இருந்தால், சிறுநீரகச் சேதம் நீரிழிவால் வந்ததா, வேறு காரணத்தாலா என்று குறியீட்டாளருக்குத் தெரியாது. ‘நீரிழிவினால் ஏற்பட்ட சிறுநீரக நோய்’ என்று எழுதினால் ஈ11.2 உறுதியாகிறது.

3. முதன்மை நிலைமையைத் தவறாக வரிசைப்படுத்துவது. சிகிச்சை முடிவில், நோயாளர் சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ வர வேண்டியிருந்ததற்கு முதற்பொறுப்பான நிலைமை எதுவோ அதுவே முதன்மை. சிறுநீர்த் தொற்றுக்கு வந்தவரின் காட்டில் ‘டி.எம்., எச்.டி., டி.எல்.’ (நீரிழிவு, உயர் குருதி அழுத்தம், குருதிக் கொழுப்புக் கோளாறு) என்று பழைய நோய்களை வழக்கமாக முதலில் எழுதி, வந்த காரணத்தைக் கடைசியில் எழுதினால், அந்த அனுமதி நீரிழிவுக் கணக்கில் சேர்ந்துவிடும் வாய்ப்பு உண்டு.

4. திகதியற்ற எண். ‘எச்பிஏ1சி 9.2’ என்பது சென்ற வாரத்துடையதா, கிளினிக் கொப்பியில் இரண்டு ஆண்டுக்கு முன் ஒட்டிய தனியார் ஆய்வுகூடத் துண்டிலிருந்து பார்த்து எழுதியதா?

இதனால் யாருக்கு என்ன?

நோயாளருக்கு நேரும் விளைவே முதன்மையானது. டயக்னோசிஸ் காட்டைத்தான் அடுத்த கிளினிக் வைத்தியர் பார்ப்பார். பெட் ஹெட் டிக்கட் அவர் மேசைக்கு வராது. வெள்ளவத்தைப் பெண்ணின் காட்டில் உள்ள ‘அன்கன்ட்ரோல்ட்’ என்ற சொல்லை, நெரிசல் மிக்க காலைக் கிளினிக்கில் இரண்டு நிமிடத்தில் பார்க்கும் ஒருவர், சீனி கூடியிருந்தது என்றே எடுத்துக்கொள்வார். பேச்சில் அந்தச் சொல்லுக்கு நாம் எல்லோரும் கொள்ளும் பொருளும் அதுதான். அவர் கிளிக்லசைட்டை இன்னும் அரைக் குளிசை கூட்டினால், அடுத்த விரதத்தில் அந்தப் பெண் விழுந்து எழாமல் போகலாம். குறியீட்டு விவாதங்கள் அலுவலக விவகாரம் என்று ஒதுக்கப்படும்போது இந்த அரைக் குளிசை நினைவுக்கு வர வேண்டும்.

காப்புறுதியில் கேள்வி வேறு. தனியார் காப்புறுதி நிறுவனமாயினும், அரச ஊழியருக்கான அக்ரஹார திட்டமாயினும், கோரிக்கையைப் பரிசீலிப்பவர் காட்டையும் பற்றுச்சீட்டையும் ஒப்பிடுகிறார். சிக்கல்களற்ற நீரிழிவுக்கு ஐந்து நாள் ஏன் என்று கேட்க அவருக்குக் காரணம் இருக்கிறது. குறியீட்டால் சொல்ல முடியாததை, அனுமதித்த போதிருந்த சீனி அளவும் கொடுத்த சிகிச்சையும் எழுத்தில் சொல்ல வேண்டும்.

நாட்டின் கணக்குக்கு நேரும் விளைவு மெதுவானது, ஆனால் பெரிது. 2008-இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்று, இலங்கையில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகவும், நகரப்புறத்தில் அது 16.4 சதவீதம் என்றும் கண்டது. இந்த எண்கள் வீடு வீடாகச் சென்று குருதி எடுத்துப் பெற்றவை. வைத்தியசாலைக் குறியீடுகளைக் கூட்டி இவற்றைப் பெற முடியாது. உள்ளக நோயாளர் பதிவு அனுமதிகளை எண்ணுகிறது, ஆட்களை அல்ல. மூன்று முறை வாட்டுக்கு வந்தவர் மூன்றாகிறார். நீரிழிவைக் கட்டுப்படுத்தும் வேலையின் பெரும்பகுதி நடக்கும் கிளினிக்குகள் அந்தக் கணக்கில் இல்லை. இதற்கு மேல் ஈ14.9-உம் ஈ11.9-உம் நிறைந்திருந்தால், எத்தனை பேர் தாழ்சீனியால் வந்தார்கள், எத்தனை பேர் ஸ்டீரொயிட்டால் சீனி ஏறி வந்தார்கள் என்ற கேள்விக்கு அந்தத் தரவு ஒருபோதும் விடை சொல்லாது. ‘எத்தனை பேருக்குக் கட்டுப்பாட்டில் உள்ளது’ என்ற கேள்விக்கு இந்தக் குறியீடுகளிலிருந்து விடை எடுத்துத் தரும் எந்தச் செய்தியையும் ஐயத்தோடு வாசிப்பது நல்லது.

எழுதினால் எப்படி இருக்கும்?

சொல்லைத் தடை செய்யத் தேவையில்லை. அதன் பக்கத்தில் ஐந்து விடயங்கள் சேர்ந்தால் போதும்: வகை, திசை, திகதியோடு எண், காரணம், உறுப்புச் சிக்கலும் அதன் தொடர்பும். அந்த இரண்டு காட்டுகளும் பின்வருமாறு மாறும்.

வெள்ளவத்தை: ‘கிளிக்லசைட்டினால் ஏற்பட்ட தாழ்சீனி, ஆழ்மயக்கமில்லை, அனுமதியின்போது சீனி 46, விரதத்தின்போது உணவு குறைவு. இரண்டாம் வகை நீரிழிவு, எச்பிஏ1சி 6.1. மருந்தளவு குறைக்கப்பட்டது, கூட்ட வேண்டாம்.’

கொட்டாஞ்சேனை: ‘இரண்டாம் வகை நீரிழிவு, பிரெட்னிசொலோனினால் உயர்சீனி, அனுமதியின்போது 412, கீட்டோன் இல்லை. எச்பிஏ1சி 6.9. இன்சுலின் தற்காலிகம்; ஸ்டீரொயிட் நிறுத்திய பின் மறுபரிசீலனை.’

முதலாவதில் குறியீடே மாறிவிடுகிறது. இரண்டாவதில் ஈ11.9 அப்படியே இருக்கும். ஸ்டீரொயிட்டின் பக்கவிளைவைக் காட்டும் வை42.0 மட்டும் கூடச் சேரும். ஆனாலும் இரண்டாவதை வாசிக்கும் கிளினிக் வைத்தியருக்கு இன்சுலினை ஏன் தொடர வேண்டியதில்லை என்பது தெரிந்துவிடும்.

காட்டு ஆங்கிலத்தில் எழுதப்படுவதால், அதை வாங்கும் இடத்திலேயே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுவது நோயாளரின் உறவினருக்கு நல்லது: சீனி கூடினதா குறைந்ததா, அதற்கு என்ன காரணம், அந்த இரண்டும் இதில் எழுதியிருக்கிறதா. இல்லையென்றால் அங்கேயே பணிவாகக் கேட்டு ஒரு வரி எழுதுவித்துக்கொள்ளலாம். பெட் ஹெட் டிக்கட் அந்த நேரம் வைத்தியரின் கையிலேயே இருக்கும். அது பதிவேட்டு அறைக்குப் போன பின் அதே ஒரு வரிக்குக் கடிதம் எழுதி, வேறொரு நாள் வந்து, வாட் மாறிப் போயிருக்கும் வைத்தியரைத் தேட வேண்டியிருக்கும்.